பன்னிரண்டு முறை துள்ளிய இறால்

புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டவனிடம் வீட்டுக் காரியம் எதையும் ஒப்படைக்கக் கூடாது. மீஞ்சூரில் மூன்று மாதம் வீடியோ எடிட்டிங் படித்துவிட்டு நான் பழவேற்காட்டுக்குத் திரும்பியபோது, என் வீட்டில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் லேப்டாப்போடு சேர்த்து என்னை ஏரியில் இறக்கியிருப்பார்கள்.

என் அக்கா செல்வி, நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பிடித்துவரும் இறாலைக் கழுவி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சென்னையிலுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் விற்றுக்கொண்டிருந்தாள். "சின்னதா ஒரு வீடியோ போட்டுக் குட்றா. எறா ஃப்ரெஷ்ஷுனு தெரிஞ்சா போதும்" என்றாள். (சின்னதாம்! மூன்று மாதம் படித்தவனிடம்!)

நைனா தன் பாடு நாளில் என்னைப் படகில் ஏற்ற மறுத்தார். பாடு என்றால் முறை. எங்கள் ஏரியில் நல்ல இறால் விழும் இடத்தில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. இன்று எங்கள் குப்பம், நாளை எதிர்க்கரைக் குப்பம் என்று நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள். முறை தவறி இறங்கினால் பஞ்சாயத்து கூடும். அந்தக் குடும்பத்துக்கு அந்த சீசன் முழுக்கப் பாடு கிடையாது.

"இன்னிக்கி வேல கீது. ஒன் கூத்த நாளிக்கி வெச்சிக்கோ" என்றார் நைனா.

மறுநாள் போனோம். வலையை அவிழ்க்காமலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நைனா போஸ் கொடுத்தார். பின்னணியில் பூநாரைகள் தெரிய வேண்டும் என்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று படகைத் தள்ளிப் போகச் சொன்னவன் நான்தான். இறால் இல்லாத குறைக்கு, முந்தின நாள் விற்றது போக ஐஸ் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு இறாலை வீட்டில் படம் பிடித்துக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்தேன் பாருங்கள், கிராபிக்ஸ் போட! அந்த ஒற்றை இறாலைப் பன்னிரண்டாக்கி வலையிலிருந்து துள்ளவிட்டேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மினுமினுப்பு. நைனாவின் தலைக்குப் பின்னால் சுழலும் ஒளிவட்டம். ஏரியின் வரைபடத்தில் சிவப்பு அம்பு ஒன்று பறந்து வந்து குத்தி, 'இங்கே பிடித்தது!' என்றது. கடைசியில் நாள்காட்டித் தாள்கள் படபடவென்று புரண்டு அன்றைய தேதியில் நிற்க, 'இன்று காலை பிடித்தது!' என்று தங்க எழுத்துகள் வெடித்தன. அன்று மாலையே அக்காவின் போனிலிருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டேன்.

அந்தத் தேதி எதிர்க்கரைக்காரர்களின் பாடு நாள். அம்பு குத்திய இடம் அன்று அவர்கள் வலை கட்டும் இடம். நைனாவுக்கு எதிராக யாராவது வக்கீல் வைத்திருந்தால், அவர்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டார். மீனவர் வீட்டில் பிறந்து பாடு நாள் தெரியாமல் வளர்ந்ததற்கு நான் வேறு யாரைக் குறை சொல்வது?

மறுநாள் மீன் ஏலக்கூடத்தில் பஞ்சாயத்து. எதிர்க்கரைத் தலைவர் துரைசாமி போனை உயர்த்திக் காட்டினார்.

"இன்னாப்பா இது? எங்க நாள்ல, எங்க எடத்துல, இவ்ளோ எறா!"

"நாங்க வலையே போடலப்பா" என்றார் நைனா.

"அப்ப இதெல்லாம் ஆகாசத்துலேர்ந்து குதிச்சிதா?"

நைனா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அவருடைய பாடு போகும். திறந்தால் அக்காவின் வியாபாரம் போகும். செத்துவிடலாம் போலிருந்தது.

"தொறந்து காட்டுடா" என்றாள் அக்கா, பெண்கள் பக்கத்திலிருந்து. "என் பொயப்ப அப்பறம் பாத்துக்கலாம்."

லேப்டாப்பைத் திறந்து, ஊரே பார்க்க ஒவ்வொரு கிராபிக்ஸாக அணைத்தேன். நாள்காட்டி போயிற்று. அம்பு போயிற்று. ஒளிவட்டம் போனபோது யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். இறாலை அணைக்கப் போனபோது துரைசாமி "நில்லு" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"எல்லா எறாவுக்கும் ஒரே பக்கத்து மீச ஒடஞ்சிகீதே?"

கூடமே எட்டிப் பார்த்தது.

"எல்லாம் ஒண்ணுதாங்க" என்றேன். "மூணு நாளா ஐஸ்ல கெடந்தது."

"அதான பாத்தேன். உசுரோட கீற எறா வால மடக்கித் துள்ளும். இது வெறச்சிகினு இல்ல போவுது!"

இறாலையும் அணைத்தேன். மிச்சம் இருந்தது, காலிப் படகில் கைலியோடு உட்கார்ந்து, ஒரு கையில் அவிழ்க்காத வலையைப் பிடித்தபடி மறு கையில் துடுப்புக் காம்பால் முதுகு சொறிந்துகொள்ளும் நைனா மட்டும்தான். கூடத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. துரைசாமியே நைனாவின் தோளைத் தட்டி, "போப்பா, ஒன் பாடு ஒனக்குத்தான்" என்றார்.

அக்கா அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. பஞ்சாயத்தை யாரோ போனில் பிடித்து அனுப்ப, அது அடுக்குமாடி குரூப் வரைக்கும் போய்விட்டது. 'மூன்று நாள் இறாலா?' என்று கேட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அக்கா ஐஸ் பெட்டியைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தாள். ஒன்றரை மாதம் நான் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய்வந்தேன். பிறகு அவளே பழைய வாடிக்கைக்காரர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டு மறுபடி தொடங்கினாள். இப்போது படம் எடுப்பதும் அவள்தான். அந்த போனை நான் தொடக்கூடாது.

இன்று எங்கள் பக்கத்தில் யாராவது கொஞ்சம் அளந்துவிட்டால், "கிராபிக்ஸ எடுத்துட்டுச் சொல்லு" என்பார்கள். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அது என்னால் வந்தது என்றுகூடத் தெரியாது. என் வீட்டாருக்குத் தெரியும்.

போன வருஷம் எனக்கு எதிர்க்கரையில் பெண் பார்த்தார்கள். என் போட்டோ போய்ச் சேர்ந்த அன்றே பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். நைனா ஸ்பீக்கரில் போட்டார்.

"போட்டோ நல்லாத்தான் கீது. கிராபிக்ஸ எடுத்துட்டு இன்னொண்ணு அனுப்புங்க."

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்துட்டா ஒண்ணும் மிஞ்சாதுங்க. பரவால்லியா?"