அவனுக்குக் கொஞ்சம் டைம் குடுங்கப்பா

உலகத்தில் பொறுமைசாலிகளே இல்லாமல் போய்விட்டார்கள் என்று புலம்புகிறவரா நீங்கள்? கவலையை விடுங்கள். பொறுமையின் மொத்த வியாபாரி ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். இவர் கால்பந்து ரசிகர்களில் ஒரு தனி இனம். எல்லா ஊரிலும் உண்டு, எல்லாத் தெருவிலும் உண்டு, உங்கள் வீட்டு சோபாவிலேயே ஒருவர் சாய்ந்திருக்கக்கூடும். கோல் அடிப்பதற்கென்றே கோடிகளைக் கொட்டி வாங்கிவந்த ஆட்டக்காரர் கோல் அடிப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்துகொண்டிருக்கும்போது, அவருக்காக வாதாடப் பிறந்தவர் இவர். சம்பளமில்லாத வக்கீல்.

"அவன் புது ஊருக்கு வந்திருக்கான்பா. செட்டில் ஆக வேணாமா?"

இதுதான் வாதத்தின் தொடக்கம். முடிவு எப்போது வரும் என்று வக்கீலுக்கே தெரியாது. அந்த ஊர்க் குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, பயிற்சியாளர் பேசும் பாஷை புரியவில்லை, கிளப் கொடுத்த வீட்டில் கட்டில் அவன் உயரத்துக்குப் பற்றவில்லை, மனைவிக்கு எந்நேரமும் அம்மா ஞாபகம், பிள்ளை புதுப் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுகிறது, போதாக்குறைக்கு இடது பக்கம் ஆடுகிறவன் பந்தை இவன் கண்ணிலேயே காட்ட மாட்டேன் என்கிறான், இத்தனைக்கும் நடுவில் ஒரு மனுஷன் எப்படி ஐயா கோல் அடிப்பான்? அவனைப் பெற்றவள்கூட அவனுக்காக இவ்வளவு காரணம் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

கட்டில் சமாச்சாரம் இவருக்கு எப்படித் தெரிந்தது? அதையெல்லாம் கேட்பது நாகரிகமில்லை.

எனக்குத் தெரிந்த இந்த இனத்தவர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். என் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குவது அங்கேதான். அங்கே நின்று விவாதம் கேட்பதால்தான் ரத்த அழுத்தமே ஏறுகிறது என்பது என் மனைவியின் கட்சி. கல்லாவுக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளின் மேல் ஒரு சின்ன டிவி. அதன் முன்னால் இரண்டு ஸ்டூல். ஒன்று முதலாளிக்கு. இன்னொன்று எதிர்த்தரப்புக்கு, அதாவது அவருடைய மச்சினனுக்கு.

மச்சினன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். காலை முழுவதும், பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்ல சார், மெதுவா, மெதுவா" என்று குழைகிற மனிதர். சாயங்காலம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் போதும், காலையில் செலவழித்த பொறுமையை வட்டியோடு வசூலித்துவிடுவார்.

"மாமா, கண்ணைத் தொறந்து பாருங்க. நேத்து கோல்கீப்பரே விழுந்து கெடக்கான். முன்னால காலி கோல். மேல தூக்கி அடிச்சான். அந்தப் பந்து இன்னும் கீழ வரல. வித்துத் தலைமுழுகச் சொல்லுங்க."

"உனக்கு ஆட்டமும் தெரியல மச்சான், மனுஷனையும் தெரியல. கோளாறு கால்ல இல்லடா, மனசுல. அவன் இன்னும் வீட்டு ஞாபகத்துலயே இருக்கான்."

"வீட்டை நெனைக்கறதுக்கா இத்தனை கோடி?"

"ஒரு வருஷம் குடு. அதுக்கப்புறம் பேசு."

ஒரு வருஷம்! என்ன தாராளம்!

இதே கடையிலும் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். மருந்தியல் படித்த பெண், நாற்பதை ஒட்டிய வயது. கணவருக்கு வேலை போய், பிழைப்பைத் தேடி ஊர் மாறி வந்த குடும்பம். வீட்டில் இப்போது சம்பாதிக்கிறவர் இவர் ஒருவர்தான். படிப்பில் குறை சொல்ல முடியாது. டாக்டரின் கோழிக் கிறுக்கலை ஒரே பார்வையில் படித்துவிடுவார். சிக்கல், அலமாரியில் இருந்தது.

அந்தக் கடையில் மருந்துகள் அகர வரிசையில் இருக்காது. நோய் வாரியாகவும் இருக்காது. முதலாளிக்குப் பிடித்த கம்பெனிப் பிரதிநிதி கொண்டுவந்து தந்த சரக்கு கண்ணுக்கு நேரே இருக்கும். மரியாதை கொஞ்சம் குறைவாகப் பேசியவருடையது ஏணி போட்டு எடுக்கிற உயரத்துக்குப் போய்விடும். என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு போனவருடையது இருமல் மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். யாரோடு எப்போது என்ன மனஸ்தாபம் என்கிற சரித்திரம் தெரிந்தால்தான் தலைவலி மாத்திரை கிடைக்கும். பழைய ஆட்களுக்கு அந்தச் சரித்திரம் மனப்பாடம். புதிதாக வந்தவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. "அவங்க ஏணி ஏறி எறங்கறதுக்குள்ள காய்ச்சல் தானா விட்டுடும்" என்று சிரிக்க மட்டும் செய்தார்கள்.

அன்றைக்கு நான் சீட்டை நீட்டிவிட்டு நின்றேன். அந்தப் பெண் ஏணியில் ஏறித் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத் தீர்ப்பை வழங்கி முடித்த முதலாளி என் பக்கம் சாய்ந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"இந்தப் புதுசு சரிப்பட்டு வராது சார். ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் தேடிக்கிட்டே நிக்குது. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"ரெண்டு மாசம்தானே ஆச்சு?"

"வேலை தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு நாள் போதும் சார்."

சொல்லிவிட்டு டிவிக்குத் திரும்பிவிட்டார். முகத்தில் சின்னக் கூச்சம் இருக்க வேண்டுமே, மருந்துக்கும் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மாத்திரை இன்னும் கைக்கு வரவில்லை, ஆகவே வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். மாத்திரைப் பட்டையை என் முன்னால் வைத்துவிட்டு, முதலாளியைப் பார்த்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? டிவில ஆடற அந்த ஆளுக்குப் பக்கத்துல இருக்கறவன் பந்தே குடுக்கலன்னு இவ்வளவு கோவப்படறீங்க. இங்க எது எங்க இருக்குன்னு எனக்கு யார் சார் சொன்னாங்க?"

டிவியில் யாரோ விசில் ஊதினார்கள்.

"என்னையும் கொஞ்சம் காஸ்ட்லியா வாங்கியிருக்கணும் சார். எனக்கும் ஒரு வருஷம் கெடைச்சிருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முதலாளி மனம் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அதை எதிர்பார்த்தால், இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது முதலாளியின் மனசாட்சி அல்ல, அவருடைய மச்சினன்.

"பேச்சைப் பாத்தீங்களா மாமா? இதுக்குத்தான் சொல்றேன். அங்க அவனை அனுப்பணும், இங்க இவங்களை அனுப்பணும். ரெண்டும் ஒரே கேஸ். சரிப்படாததை வெச்சுக்கிட்டு அழக் கூடாது."

ரெண்டும் ஒரே கேஸ்! முதலாளியின் முதுகு நிமிர்ந்தது. இந்தப் பெண்ணை அனுப்பினால் அந்த ஆட்டக்காரனையும் கைவிட்டதாக ஆகிவிடும். சீசன் முழுக்க மச்சினனோடு மல்லுக்கட்டிவிட்டு, சொந்தக் கடையில் வைத்து அவனிடமே தோற்பதா?

"என்னடா சொன்ன? புது எடத்துக்கு வந்தவங்களுக்கு செட்டில் ஆக டைம் வேணாமா? நீயெல்லாம் எப்படிடா வண்டி ஓட்டச் சொல்லித் தர்ற?" என்று எகிறியவர், அதே வேகத்தில் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவன் சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்காத. ஒரு வருஷம். அதுவரைக்கும் உன்னை ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. வா இப்படி!"

அலமாரி அலமாரியாக அழைத்துப்போய், ஒவ்வொரு பிரதிநிதியோடும் தனக்கு இருக்கிற உறவையும் வருத்தத்தையும் மூச்சுவிடாமல் விளக்கினார். பழைய ஆட்களும் வேறு வழியில்லாமல் கூடவே நின்று இடங்களைக் காட்டினார்கள். வேலை தப்பியது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. நியாயம் முன்வாசல் வழியாக வந்தால் என்ன, மச்சினன் மேல் இருக்கிற வீம்பு வழியாக வந்தால் என்ன?

அடுத்த மாதம் நான் போனபோது அந்தப் பெண் பேசிக்கொண்டே கையை நீட்டி என் மாத்திரையை எடுத்துத் தந்தார். ஆட்டக்காரர் இன்னும் கோல் அடிக்கவில்லை. தலையணை சரியில்லையாம்.

இதுவரை சிரித்தீர்கள், நன்றி. இந்த இனம் உங்கள் தெருவில் யார் என்றும் மனதுக்குள் ஒரு முகத்தைப் பிடித்துவைத்திருப்பீர்கள். நல்லது. இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. உங்கள் அபிமான ஆட்டக்காரனுக்கு வலி எந்த முழங்காலில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். உங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்து, ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, அவர் பெயர் என்ன?

என்னிடம் சொல்ல வேண்டாம். நாளைக்கு வேலைக்குப் போனதும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.