நட்சத்திரம் வெடிக்கும் இடம்

"இதுல நீங்க என்னதான் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார் கல்யாணப் பெண்ணின் அம்மா.

எடிட்டருக்குக் காது மடல் சுட்டது. மூன்று கேமராக்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய குப்பையிலிருந்து அவள் இந்தக் கல்யாணத்தைப் பொறுக்கி எடுத்திருந்தாள். மோதிரம் போடும்போது மாப்பிள்ளையின் விரல் நடுங்கியதை, பெண்ணின் அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்ததை, எதையும் விடவில்லை. ஒரு காட்சி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டிய இடம் தெரியாமல் வெட்டுவதுதான் அவளுடைய வேலை. தெரியாததால்தான் இப்போது இந்தக் கேள்வி.

"வெட்டி ஒட்டியிருக்கேன்மா."

"அதான் கேக்கறேன். நடுவுல ஒண்ணுமே இல்லையே. சுத்தறது, பறக்கறது, வெடிக்கறது, அதெல்லாம் போட மாட்டீங்களா?"

கல்யாணத்தில் எது வெடிக்க வேண்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் ஸ்டூடியோ முதலாளி முந்திக்கொண்டார்.

"போட்டுடலாம்மா. ஜமாய்ச்சுடலாம்!"

அந்த அம்மா படியிறங்கியதும் முதலாளியின் குரல் மாறியது. "இங்க பாரு. இன்னொரு தடவ அவங்க முகம் சுளிச்சா நீ முன்னாடி கவுண்டருக்குப் போயிடு. பாஸ்போர்ட் போட்டோ எடு. என் மச்சான் இந்த நாற்காலில உக்காந்துக்குவான். அவன் ஒரு தும்மல் போடறதுக்குள்ள நாலு எஃபெக்ட் போடுவான்."

"அதனாலதான் சார், அவர் பண்றதப் பாத்தா எனக்குத் தும்மல் வருது."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

ஆல்பம் ஒட்டுகிறவளாக இங்கே சேர்ந்து, பசை நாற்றத்திலிருந்து இந்த நாற்காலிக்கு வந்து சேர அவளுக்குப் பல வருஷம் பிடித்தது. இதை அந்த மச்சானுக்குக் கொடுப்பதா? கோபத்தை வாயில் வெந்நீர் போல வைத்திருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மறுநாள் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஒரு காட்சி மெல்லக் கரைய, அதற்குள்ளிருந்து அடுத்தது எழும்படி செய்தாள்.

பெண்ணின் அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எங்க? ஒண்ணும் தெரியலையே."

அடுத்ததாகப் பக்கம் புரளும் எஃபெக்ட்.

"இது என்ன, பாடப் புத்தகமா? அப்படியே புரட்டிக்கிட்டே போறீங்க? பெருசா நட்சத்திரம் இல்லையா உங்ககிட்ட? முழுத் திரையும் அடைச்சுக்கிட்டு வெடிக்கணும்."

"இருக்கும்மா! எட்டு கலர்ல இருக்கு!" என்றார் முதலாளி, தானே பெற்றெடுத்ததைப் போல.

பெண்ணின் அம்மா நாற்காலியை எடிட்டரின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். விரல் திரையைத் தொட்டது. "இங்க ஒண்ணு. கேக் வெட்டறாங்க பாருங்க, அங்க ஒண்ணு. இல்ல இல்ல, இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கட்டும்."

"முன்னாடியே போட்டா காட்சியோட கடைசில வர்றவங்க மறைஞ்சிடுவாங்கம்மா. எஃபெக்ட் ரெண்டு பக்கமும் கொஞ்சம் முழுங்கும்."

"முழுங்கட்டும்."

"ஆள் போயிடுவாங்கம்மா."

"போகட்டும். நட்சத்திரம் அழகா வரணும், அவ்வளவுதான்."

எடிட்டர் போட்டுக்கொடுத்தாள். அந்த அம்மா போன பிறகு ஓட்டிப் பார்த்தபோதுதான் யார் போனது என்று தெரிந்தது.

பச்சைப் புடவைக்காரி.

எல்லோரும் வரிசையாக நின்று முடித்த பிறகு கடைசியாக ஓடி வந்து சேர்கிறவள். மூச்சு வாங்க வந்து, பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பாள். மற்றவர்கள் பல்வலிக்காரர்கள் போல நிற்கும் அந்த மேடையில் சிரிப்பு என்று சொல்லும்படி இருந்தது அந்த ஒரு முகம்தான். வாரக்கணக்காக அந்த முகத்தோடு பழகி எடிட்டருக்கு அவளிடம் ஒரு ஒட்டுதலே வந்திருந்தது. அவள் வந்து நின்ற இடத்திலெல்லாம் இப்போது ஊதாவும் மஞ்சளுமாக நட்சத்திரம் வெடித்தது.

எடிட்டருக்குத் தன் வீட்டுப் படங்கள் ஞாபகம் வந்தன. எதிலும் அவள் இல்லை. "நீதான் நல்லா எடுப்பே" என்று கேமராவைக் கையில் திணித்துவிடுவார்கள். யாரும் அவளை வேண்டுமென்று விட்டதில்லை. அப்படி விட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அன்று சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் அலறின. கணவன் எட்டிப் பார்த்தான்.

"யார் மேல கோபம்? அந்தக் கரண்டி உன்ன என்ன பண்ணுச்சு?"

"நட்சத்திரம் மேல."

"வானத்துல இருக்கறதா?"

"வானத்துல இருந்தா நான் ஏன் கத்தறேன்?"

கணவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

கரண்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். ஒருத்திக்கு நட்சத்திரம் அழகாக வர வேண்டுமாம், அதற்காக இன்னொருத்தி காணாமல் போக வேண்டுமாம். என்ன ரசனை, என்ன திமிர்! சிரித்ததைத் தவிர அந்தப் பச்சைப் புடவைக்காரி என்ன பாவம் செய்தாள்? நாற்காலியையும் விடக் கூடாது, அவளையும் விடக் கூடாது.

காலையில் வேலைக்குப் போனதும் நட்சத்திரங்களை எல்லாம் நகர்த்தினாள். நட்சத்திரம் கட்டாயம் வெடிக்கும். ஆனால் அது விரிந்து திறக்கும்போது அதன் நடுவே பச்சைப் புடவைக்காரி நிற்பாள். கேக்குக்குப் பிறகு ஒன்று, மோதிரத்துக்குப் பிறகு ஒன்று, விருந்தில் ஒன்று. முகம் நன்றாகத் தெரியட்டும் என்று அவளைப் பெரிதாக்கினாள். கேட்டதற்கு மேல் ஒன்றிரண்டு இடத்தில் இதயமும் பறக்க விட்டாள். கை வலிக்கும்வரை வெடிக்க வைத்த பிறகு, வாயிலிருந்த வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தது.

கடைசியாகப் பார்த்துச் சரி சொல்ல இந்த முறை குடும்பமே வந்தது. அப்பா, அம்மா, பெண், மாப்பிள்ளை. முதலாளி முன்னறையில் பெரிய டிவியைப் போட்டார். மச்சானும் வந்து, நாற்காலிக்கு நாள் குறித்துவிட்டவன் போலச் சுவரில் சாய்ந்து நின்றான்.

முதல் நட்சத்திரம் வெடித்தது. பச்சைப் புடவை பளபளத்தது.

"அட, அக்கா!" என்று துள்ளினார் பெண்ணின் அப்பா.

இரண்டாவது வெடித்தது.

"இதோ பாரேன், இங்கயும் எங்க அக்கா!"

மூன்றாவது வெடித்தபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன களை பாத்தியா அவ முகத்துல! சார், இதுலேருந்து ஒண்ணு பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க. ஹால்ல மாட்டணும். நடு ஹால்ல!"

"போட்டுடலாம் சார்! நம்ம எடிட்டரோட கைவண்ணம் அப்படி," என்றார் முதலாளி. மச்சானைப் பார்த்து, "போய் எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வா" என்றார்.

மச்சான் போனான். நாற்காலி பிழைத்தது.

எடிட்டர் அப்போதுதான் பெண்ணின் அம்மாவை நேராகப் பார்த்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"எப்படிம்மா இருக்கு? நீங்க சொன்ன மாதிரியே நட்சத்திரம் போட்டாச்சு," என்றாள். குரலில் தேன் ஒழுகியது. அதன் அடியில் இருந்த கத்தி அவளுக்கே பிடித்திருந்தது.

"நல்லா இருக்கு," என்றார் அந்த அம்மா, கல்லைக் கடித்தவர் போல. எழுந்து, யாருக்காகவும் நிற்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா இன்னும் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே மாப்பிள்ளையோடு படியிறங்கினார்.

ஜெயித்துவிட்டோம் என்று எடிட்டர் நினைத்துக்கொண்டாள். கவனிக்கப்படாத ஒருத்தியைக் கண்ணீரும் கம்பலையுமாக அல்ல, நட்சத்திரமும் இதயமுமாக ஒரு வீட்டின் நடு ஹாலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நெஞ்சு நிமிர்ந்தது.

கல்யாணப் பெண் மட்டும் போகாமல் நின்றாள். டிவியில் உறைந்து நின்ற பச்சைப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அத்தைதானே? நல்ல சிரிப்பு," என்றாள் எடிட்டர்.

"ஆமாக்கா. அத்தை எங்க வந்து நின்னாலும் அவங்க முதுகுக்குப் பின்னாடி மறைஞ்சு நிக்கறது எங்கம்மாதான்," என்றாள் பெண். "'என் பொண்ணு கல்யாணத்துல நான்தான் தெரியல, அவளும் தெரிய வேணாம்'னுதான்க்கா அம்மா நட்சத்திரம் கேட்டாங்க."