கொடிமரத்தைத் தொட்டவர்

ஆழம் வளர்க்கும் ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. அப்படி ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். விருந்துக்கு வந்தால் எல்லோர் கண்ணிலும் படுகிற நாற்காலியைப் பிடித்துக்கொள்வார், பேச்சு மகளின் பரீட்சை, மூட்டுவலி, வீட்டு வாடகை என்று எங்கே சுற்றினாலும் பொறுமையாகக் காத்திருப்பார், யாராவது வாய் தவறிக் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டால் போதும், "தண்ணின்னதும் ஞாபகம் வருது..." என்று கடலுக்குள் குதித்துவிடுவார். அப்புறம் சாப்பாடு ஆறித்தான் போகும்.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறையில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு சரக்குக் கப்பலைப் பார்க்க இறங்கினார். கப்பல் நிமிர்ந்த வாக்கில் கிடக்கிறது. மேல்தளம் நாற்பது மீட்டர் ஆழத்தில். கொடிமரத்தின் உச்சி பதினாறு மீட்டரில். நம்மவர் தொட்டது உச்சியை. தொட்டார், மேலே வந்தார். அவ்வளவுதான்.

ஆனால் சொல்லச் சொல்ல ஆழம் சும்மா இருக்குமா? முதல் வருடமே இருபதைத் தாண்டியது. மூன்றாம் வருடம் மேல்தளத்தில் உலாவினார். போன வருடம் கேப்டன் அறைக்குள்ளேயே நுழைந்து, அங்கே குடியிருந்த ஒரு மீனோடு முகத்துக்கு முகம் நின்றார். அந்த மீனும் விருந்துக்கு விருந்து கொழுத்துக்கொண்டே வந்தது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா?

நஷ்டம் மைத்துனன் உருவத்தில் வந்தது. அத்தான் சொன்னதை அட்சரம் பிசகாமல் நம்பிய அந்த அப்பாவி, ஆழத்தில் இறங்கும் பயிற்சிவரை முடித்துவிட்டு, அதே கப்பலைப் பார்க்கப் படகில் இரண்டு இடம் பிடித்துவிட்டான்.

படகில் பயிற்சியாளர் அம்மாள் காற்றுக் குழாயைச் சோதித்தபடியே சொன்னார்: "சார், நீங்க நாப்பது மீட்டர் போய் கேப்டன் ரூம் வரைக்கும் பார்த்தவராமே! நல்லதாப் போச்சு. இவருக்கு நீங்கதான் ஜோடி. கீழே இவருக்குக் காத்து தீர்ந்தா உங்ககிட்டதான் வாங்கிக்கணும். பார்த்துக்கோங்க."

நம்மவர் அவசரமாக ஒரு சாக்குத் தேடினார். காது அடைக்கிறது என்று சொல்லலாம். மானமும் உயிரும் சேர்ந்தே தப்பும். வாயைத் திறந்தும்விட்டார். அப்போதுதான் மைத்துனனைப் பார்த்தார். அவன் இடுப்புப் பட்டையை மூன்றாவது தடவையாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தான் இருக்காருன்னு சொல்லித்தான் அக்கா என்னை விட்டா" என்றான்.

"பதினாறு" என்றார் நம்மவர்.

"என்ன சார்?"

"பதினாறு மீட்டர்தாம்மா போயிருக்கேன். கொடிமரத்து உச்சி."

"அப்ப அந்த மீனு?" என்றான் மைத்துனன்.

"அது ஏதோ படத்துல பார்த்தது."

நம்மவர் காது மடல்வரை சிவந்துபோய்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனனோ நெஞ்சு நிறைய மூச்சுவிட்டான். "அப்பாடா! எனக்கும் உள்ளூர உதறல்தான் அத்தான். நீங்க கேலி பண்ணுவீங்களேன்னு வாயைத் திறக்கலை."

இருவரும் பதினாறு மீட்டர்தான் இறங்கினார்கள். கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே இருட்டில் கிடந்த கப்பலை எட்டிப் பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் நம்மவர் அதை நிம்மதியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "எவ்வளவு ஆழம்டா போனீங்க?"

மைத்துனன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "என்ன... ஒரு இருபது இருக்கும்க்கா."

நம்மவர் திருத்தவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

சிரிக்கிறீர்கள். எனக்குக் கடலே ஆகாது, இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். சரி, போன மாதம் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததே, என்னிடம் நூற்று மூன்று டிகிரி என்றீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் தெர்மாமீட்டரைப் பார்த்தவரிடம் நான் இன்னும் பேசவில்லை.