அடுப்புச் சாம்பலில் கீறிய குசினி

கணிதத்தில் எனக்கு முட்டை போட்ட ஒரே மனிதர் சாம்பல் பாஸ்தான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற வாத்தியார். அவரோ மூன்றாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்ட மேசன். கேகாலையிலிருந்து இரத்தினபுரி வரைக்கும் கண்ணீர் விடாமல் சமைக்கக்கூடிய குசினி எத்தனை உண்டோ, அத்தனையும் அவர் கட்டினதுதான் என்று சொல்லுவார்கள். சொல்லுவார்கள் என்ன, அவரேதான் சொல்லுவார்.

பெற்றவர்கள் வைத்த பேர் என்னவென்று யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் சாம்பல் பாஸ், கீழே சிங்கள ஊர்களில் அளு பாஸ். அளு என்றாலும் சாம்பல்தான், பாஸ் என்றால் மேசன். அவரிடம் டேப் கிடையாது, பென்சில் கிடையாது. யார் வீட்டில் வேலையோ அந்த வீட்டு அடுப்பிலிருந்தே ஒரு சட்டி சாம்பலை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவார். கட்டப்போகிற குசினியை உள்ள அளவிலேயே தரையில் கீறுவார். பிறகு அந்த வீட்டுப் பெண்ணை அதற்குள் இறக்கி, வெறும் சட்டியோடு ஒரு வேளைச் சமையலைச் செய்து காட்டச் சொல்லுவார். கோட்டை மிதித்தால் பிளான் சரியில்லை. அழித்துவிட்டு மறுபடி கீறுவார்.

பெரிய கிளாக்கர் ஐயா வீட்டில் அவர் வேலைக்குப் போன அன்று, அந்த வீட்டு அம்மா கொழும்புக்குப் போயிருந்தார்.

"பரவாயில்ல பாஸ், நான் சொல்றேன், நீங்க கட்டுங்க" என்றாராம் ஐயா.

"ஐயா சமைப்பீங்களா?"

"ச்சே, நானா?"

"ஹரி." சரி என்பதை அவர் சிங்களத்தில்தான் சொல்லுவார். "அப்ப அம்மா வந்த பொறகு வர்றேன்."

சாந்துக் கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். தோட்டத்தில் மேனேஜர் துரைக்கு அடுத்தபடி எல்லோரும் பயப்படுகிற ஐயா, ஒன்பது நாள் காத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டில் அந்தச் சாம்பல் என் தலையிலும் விழுந்தது. கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டின வீடுகளில் ஒன்று, எங்கள் காம்பரா. என் மனைவி சரோஜாவுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்துவிட்டு வந்து, பின்பக்கக் குசினியில் தரையில் குந்திச் சமைப்பாள். கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இடுப்பு விட்டுப் போகுதுங்க. நின்னு சமைக்க ஒரு குசினி கட்டித் தாங்க."

ஒருவழியாகத் துரை அனுமதி கொடுத்தார். ஆனால் பின்னால் ஓடுகிற தண்ணீர்க் கானைத் தாண்டக் கூடாது. எட்டடிக்கு ஏழடி, அவ்வளவுதான். ஒரு தடவை கட்டினால் கட்டினதுதான், உடைத்துக் கட்ட மறுபடி விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எட்டுக்கு ஏழு! கணித வாத்தியாருக்கு இதைவிடத் தோதான கணக்கு வேறென்ன வேண்டும்? கட்டம் போட்ட தாளில் மூன்று வாரம் உட்கார்ந்து பிளான் கீறினேன். அடுப்புக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், விறகுக்குப் பச்சை. ஒரு மூலையில் மஞ்சள் நிறத்தில் எனக்கு ஒரு கதிரை, சரோ சமைக்கும்போது கூட உட்கார்ந்து பேப்பர் வாசிக்க. இதை நான் பெரிய அன்பு என்று நினைத்திருந்தேன். ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஆள் காட்டிப் பாராட்டும் வாங்கினேன்.

சாம்பல் பாஸ் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகப் பிடித்தும் பார்த்தார்.

"நல்லாருக்கு சேர். கண்ணாடி போட்டு மாட்டுங்க. குசினி விசயத்த நாளைக்கிப் பேசுவோம்."

மறுநாள் பௌர்ணமி, போயா லீவு. காலையிலேயே வந்து, பழைய குசினி மூலையில் ஒரு விறகுக் கட்டைமேல் குந்திக்கொண்டார். வெற்றிலையை மென்றுகொண்டு சரோ சமைப்பதையே பார்த்தபடி இருந்தார். அரை நாளும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான். "தங்கச்சி, தீப்பெட்டிய எங்க வப்பீங்க?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் வேலைக்கு வந்தாரா, விருந்துக்கு வந்தாரா?

பகல் சாப்பாடு முடிந்ததும் வாசலுக்கு வந்து, என் பிளானை அப்படியே சாம்பலில் கீறினார். ஒரு கோடு மாறவில்லை. லயமே கூடிவிட்டது. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா வேடிக்கை பார்க்கப் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சேர் மொதல்ல வாங்க. ஒங்க படம்தானே, நீங்களே சமைங்க."

வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக இறங்கினேன். அடுப்பில் பானையை வைத்தேன். தண்ணீர் எதிர் மூலையில். திரும்பினேன்.

"வாத்தியாரு செவுத்துல ஏறிட்டாரு!" மாரியாயி அக்காவுக்குத் தொண்டை கொஞ்சம் பெரிசு.

ஒதுங்கி நின்றேன். "கதவு மேல நிக்கிறீங்க சேர்" என்றார் பாஸ். விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நுழையச் சொன்னார். கதிரை வழியை மறித்தது. "ஹரி, சோறு வெந்துருச்சு. சம்பல் அரைங்க, அம்மி எங்க?" என்றார். அம்மியா? ஐயோ! சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் போட்டவன் அம்மியை மறந்தே போய்விட்டேன். பேப்பர் வாசிக்க மூன்றடி ஒதுக்கின மகாராசன், பெஞ்சாதி தினமும் மல்லுக்கட்டுகிற கல்லுக்கு ஓரங்குலம்கூட ஒதுக்கவில்லை. என் மாணவர்கள் நாலைந்து பேர் கூட்டத்தில் நின்று ரசித்தார்கள்.

அடுத்து சரோ இறங்கினாள். அகப்பையை எடுத்துக் கிண்டினாள். கோட்டில் எங்கும் படவில்லை. எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா பாஸ்? அவளுக்குச் சரியாத்தான் இருக்கு!"

பாஸ் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தங்கச்சி, ஊருக்காக நடிக்க வேணாம். காலையில கிண்டுன மாதிரிக் கிண்டுங்க."

சரோ என்னைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி அகப்பையை இடது கைக்கு மாற்றினாள். ஒரு சுற்றுத்தான் சுற்றினாள், முழங்கை சாம்பல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. என் பிளானில் அடுப்புக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போலச் சுவர்.

"சரோ, நீ இடது கையா?"

"ஆமாங்க."

"எப்பருந்து?"

"பொறந்ததுலருந்துதான்."

லயமே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"இடது கையால புருசனுக்குச் சோறு போட்டா மரியாதை இல்லன்னு சின்னதுலயே அடிச்சிப் பழக்கிட்டாங்க. ஆளுங்க முன்னால வலது கைதான். குசினிக்குள்ள மட்டும் இந்தக் கை. நீங்கதான் உள்ள வந்ததே இல்லையே" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டென்று மழை பிடித்தது. என் குசினி கரைந்து கானில் ஓடியது. நான் நனைந்துகொண்டே நின்றேன்.

அடுத்த நாள் பாஸ் புதிதாகக் கீறினார். அடுப்பு வலது மூலைக்குப் போனது, இடப்பக்கம் தாராளமாக இடம். சாமான் தட்டு, உப்புப் போத்தல், தீப்பெட்டி வைக்க ஒரு மாடம் எல்லாமே இடது கைக்கு எட்டுகிற மாதிரி. அம்மிக்கு ஜன்னலோரம். கதிரை கிடையாது. சரோ அந்தக் கோடுகளுக்குள் இறங்கி, இடது கையாலேயே ஒரு முழுச் சமையலும் சமைத்தாள், ஓரிடத்திலும் மிதிக்கவில்லை. "இதத்தான் கட்டணும்" என்று நான்தான் முதலில் சொன்னேன்.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. பால் பொங்கின அன்று பாஸும் நானும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். சரோ அகப்பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு பரிமாற வந்தாள். பாஸ் தட்டை மூடிக்கொண்டார்.

"எனக்கு அந்தக் கையாலயே போடும்மா. அந்தக் கைக்குத்தானே குசினி கட்டுனேன்."

சரோ அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் தட்டை நீட்டினேன்.

"எனக்கு மொதல்ல போடு சரோ, அப்புறம் பாஸுக்கு."

போட்டாள். என் முகத்தைப் பார்த்தபடியே இடது கையால் ஊற்றியதில் பாதிக் குழம்பு என் வேட்டியில்தான். "சேருக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்" என்று பாஸ் சிரித்தார். அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.