ஆமை ஒழுங்குபடுத்திய பதினான்கு கோப்புகள்

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தது. அந்த ஆமை நான்தான்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் எல்லாருடைய போனிலும் சங்கு ஊதுவதற்காக, எங்கள் காட்டு விலங்குகள் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதின. எனக்கு நிரல் எழுத வராது. அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கான வழிகாட்டியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக எப்படி பில்ட் செய்வது, அது சரியாக ஓடுகிறதா என்று எப்படி டெஸ்ட் செய்வது, அதற்கு என்ன கமாண்ட் தட்டுவது என்று சொன்னால் போதும்.

ஐப்பசி பிறந்ததும் செங்கமலம் என்ற கீரி வந்தாள்.

“அண்ணே, தண்ணி பத்தடிக்கு மேல போனா சங்கு ஊதாம நின்னுடுது. தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன். பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டினாத்தான் எல்லார் போனுக்கும் போகும். எந்தக் கமாண்ட்ண்ணே?”

எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள ஓடு இடம் கொடுக்கவில்லை.

“வழிகாட்டியை ஒழுங்குபடுத்திக்கிட்டு இருக்கேம்மா. முடிஞ்சதும் படிச்சுக்கோ.”

அன்றே உட்கார்ந்தேன். இருந்த ஒரே பக்கத்தைப் பதினான்கு கோப்புகளாகப் பிரித்தேன். பொருளடக்கம் போட்டேன். பொருளடக்கத்தை எப்படிப் படிப்பது என்று தனியாக ஒரு கோப்பு. பில்ட் முதலில் வருமா, டெஸ்ட் முதலில் வருமா என்று முள்ளம்பன்றியோடு மூன்று நாள் சண்டை.

செங்கமலம் தினமும் எட்டிப் பார்த்தாள். “ஒரே ஒரு வரி போதும்ண்ணே.”

“எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்மா.”

பதினைந்தாம் நாள் காலை வெளியிட்டேன். பாவம், பதினான்கையும் படித்தாள். ஒவ்வொரு கோப்பும் இன்னொன்றைப் பார்க்கச் சொன்னது. கடைசிக் கோப்பில், ‘கமாண்ட் விரைவில் சேர்க்கப்படும்’ என்று இருந்தது. பழைய பக்கத்தில் அந்தக் கமாண்ட் இருந்ததாம். பார்க்க அழகாக இல்லையென்று நான்தான் அழித்திருக்கிறேன்.

மத்தியானம் வெள்ளம் வந்தது. சங்கு ஒருமுறை முனகிவிட்டு நின்றது. செங்கமலம் லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டுப் பொந்து பொந்தாக ஓடிக் கத்தினாள். எல்லாரும் மேட்டில் ஏறிப் பிழைத்தோம். நீந்தத் தெரிந்த என்னையும் அவள்தான் உருட்டிக்கொண்டு போனாள். அவளுடைய பொந்தும் லேப்டாப்பும் தண்ணீரோடு போயின.

மறுநாள் கூட்டம். தலைவர் கரடி கேட்டார்: “வழிகாட்டியில கத்தச் சொல்லியிருக்கா?”

“இல்லைங்க,” என்றாள் செங்கமலம்.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எனக்குச் சால்வை போர்த்தி, கத்தும் முறை பற்றிப் பதினைந்தாவது கோப்பு எழுதச் சொன்னார்கள். வெட்கத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். சால்வை நழுவாமல் பார்த்துக்கொண்டேன்.

நீதி: வழிகாட்டி எழுதுகிறவர் அந்த வழியில் ஒருமுறைகூட நடந்து பார்க்கக் கூடாது. நடந்தால் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார். ஒரு வரிக்கு யாரும் சால்வை போர்த்துவதில்லை.