நாடா கட்டிய குழாய்

வானத்திலிருந்து வரும். விசா கேட்காமல் எந்த நாட்டிலும் இறங்கும். காசு வாங்காது. ஆனாலும் பிரதம விருந்தினர் வராமல் அதைக் குடிக்கக் கூடாது. அது என்ன? மழைத் தண்ணீர் என்று சொன்ன பிள்ளைகளுக்குப் பாதிப் புள்ளிதான். சங்கம் சேர்த்துவைத்த மழைத் தண்ணீர் என்று சொன்னால் முழுப் புள்ளி.

2015ஆம் ஆண்டு, பரிஸ் நகரத்து லா சப்பல் தமிழ்க் குடும்பங்களின் சங்கம், குவாத்தமாலா நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் மாயன் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு மழைநீர்த் தாங்கி கட்டிக்கொடுக்க ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏன் குவாத்தமாலா என்று செயலாளர் கஜனி கேட்டாள்.

"ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில இருக்கிற மற்றச் சங்கம் ஆபிரிக்காவில கிணறு வெட்டிப்போட்டுது, தங்கச்சி," என்றார் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா. "கிணறெல்லாம் இப்ப பழசு."

அந்தப் பிள்ளைகள் மலையடி ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து குடித்தார்கள். மழைக்காலத்தில் ஊற்று சேறாகிவிடும். வகுப்பில் பாதிப்பேர் வயிற்றுப்போக்கோடு வீட்டில் கிடப்பார்கள். காரியம் அவசரம். சங்கமும் அவசரமாகவே இயங்கி, பள்ளிக்கூடத்தின் முகவரியை உறுதிப்படுத்த மின்கட்டணப் பற்றுச்சீட்டைக் கேட்டது.

"அங்கை கரண்டே இல்லையாம், அண்ணை," என்றாள் கஜனி.

"அப்ப கரண்ட் இல்லையெண்டு மின்சாரக் கொம்பனியிட்ட ஒரு கடிதம் வாங்கட்டும். விசா குடுக்கிற பிறிபெக்தூர் கந்தோரில எங்களிட்டயும் இப்பிடித்தானே கேட்டவை?"

கடிதம் வந்தது. கூரைத் தண்ணீரைத் தாங்கிக்குக் கொண்டுவரப் பீலி பூட்டினார்கள், தாங்கி வைத்தார்கள். தாங்கியைவிடச் சங்கத்தின் பெயர்ப்பலகை ஒரு முழம் அகலம். குழாயில் சிவப்பு நாடா கட்டப்பட்டது. நாடா வெட்டுமுன் குழாயைத் திறந்தால், பெரிய வகுப்புகளுக்கான இரண்டாவது தாங்கி வராது என்பது ஒப்பந்தம்.

அடுத்த மே மாதம் மழை தொடங்கித் தாங்கி நிரம்பியது. பரிஸ் நகரில் விழாவுக்கு மண்டபம் கிடைக்கவில்லை. யூனில் பிரதம விருந்தினர், நகரசபை உறுப்பினர் ஜெனவியேவ் அம்மையார், கூட்டத்தில் இருந்தார். யூலையிலும் ஓகஸ்ட்டிலும் பரிஸ் நகரமே விடுமுறையில் இருந்தது. தாங்கி நிரம்பி வழிந்து, வழிந்த நீர் மலையடி ஊற்றில் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் இறங்கிப்போய் அதைச் சுமந்து வந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை விழா நடந்தது. கைபேசி வழியாக மண்டபத் திரையில் குவாத்தமாலாவின் காலை தெரிந்தது. குழாயடியில் கோப்பைகளோடு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் கத்தரிக்கோலோடு ஆசிரியர் மத்தேயோ. கஜனியின் மகள் சாம்பவி பள்ளியில் ஸ்பானிய மொழி படிப்பவள் என்பதால், மொழிபெயர்ப்பு அவளுடைய பொறுப்பு.

விளக்கேற்றினார்கள். ஜெனவியேவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தண்ணீர் மனித உரிமை என்று அவர் பேசி முடிக்க மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் தம் உரையைத் தொடங்கினார். திரையில் வரிசையின் முதலில் நின்ற சின்னப்பெண் இஷ்செல் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் தலைவர்.

இப்போது குடிக்கலாமா என்று கேட்கிறாள் என்று சாம்பவி பிரெஞ்சில் சொன்னாள்.

"இன்னும் எட்டுப்பேர் பேச இருக்கினம். அதுக்குப் பிறகு நன்றியுரை. இப்ப வெட்டினா ரெண்டாவது தாங்கி இல்லையெண்டு ஞாபகப்படுத்தும்."

"நாங்கள் விசாவுக்கு நாலு வருசம் வரிசையில நிண்டனாங்கள்," என்றார் முன்வரிசை இராஜதுரை. "அதுகளுக்கு ஒரு பின்னேரம் நிக்கேலாதோ?"

மண்டபம் தலையாட்டியது. எல்லாரும் நின்று பழகியவர்கள். பிறிபெக்தூர் வாசலில் விடியற்காலைக் குளிரில் நின்றதும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் முகம் பாராமல் பொறுக்கச் சொன்னதும் கஜனிக்கு நன்றாக நினைவிருந்தன. அவள் திரையைப் பார்க்காமல் மகளின் பக்கம் குனிந்தாள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, பிள்ளை."

சாம்பவி ஒலிவாங்கியை வாங்கினாள். நாடாவை வெட்டச் சொல்கிறார்கள் என்று ஸ்பானிய மொழியில் சொன்னாள்.