ஒரு புழுவின் அடக்க விலை

ஒரு பொட்டலம் ரப்பர் புழுவுக்காகத்தான் கணக்கர் அந்தப் பெரிய முடிவை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஏரி. தூண்டில் முள்ளில் மாட்டுகிற புழு நிஜப் புழு இல்லை, மெத்தென்ற பிளாஸ்டிக். தண்ணீருக்குள் இழுத்தால் வாலை ஆட்டும். நம்பி ஏமாறுவது மீனின் வேலை. ஆனால் அந்த ஏரி மீன்கள் விவரமானவை. வாலை மட்டும் கடித்துக்கொண்டு, தலையைக் கணக்கருக்கே விட்டுவிட்டுப் போய்விடும். வாராவாரம் ஒரு பொட்டலம் காலி.

பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த விலையை ஒருநாள் மனைவி படித்துவிட்டாள்.

"இந்தக் காசுக்கு மீனே வாங்கியிருக்கலாமே. செதில் எடுத்து வெட்டியும் குடுத்திருப்பாங்க."

"கடைக்காரன் கொள்ளையடிக்கிறான். இனிமே நானே வீட்ல செஞ்சுக்கப் போறேன். பிளாஸ்டிக்கை உருக்கு, அச்சுல ஊத்து, அவ்ளோதான். செலவே கிடையாது."

"செய்ங்க," என்றாள் மனைவி.

அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் கணக்கருக்கு அது பிடிபடவில்லை. அலுவலகத்தில் அவர் வேலையே அடக்க விலை போடுவதுதான். ஒரு திருகாணிக்கு என்ன அடக்கம் என்று தூக்கத்திலும் சொல்வார். புழு எந்த மூலைக்கு?

திரவ பிளாஸ்டிக் ஒரு டப்பா வாங்கினார். அச்சு வாங்கினார். அச்சைப் பார்த்த பிறகு சாயம் இல்லாமல் எப்படி என்று தோன்றியது. சாயம் வந்தபின் மினுக்குத் தூள் கேட்டது. மீனுக்குப் பிடித்த வாசனை என்று கடைக்காரர் ஒரு எண்ணெயை நீட்டினார். அதற்கு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. சூடு பார்க்க ஒரு கருவி, புகைக்கு ஒரு முகமூடி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே இன்னும் வந்து சேரவில்லை.

மனைவி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, சமையலறை மைக்ரோவேவில் வைத்து உருக்கினார். உருக வேண்டியது கருகியது. மறுநாள் பாலைச் சூடாக்கினால் பாலில் செருப்பு வாசனை. மனைவி கத்தவில்லை. மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் வைத்தாள்.

"இது இனிமே புழுவோடது," என்றாள்.

அன்று சாப்பிட வந்திருந்த அவள் தம்பியின் எதிரிலேயே அந்தக் கேள்வியையும் கேட்டாள்.

"ஒரு புழுவுக்கு எவ்ளோ ஆகுதுங்க?"

அன்று காலையில்தான் கணக்கர், அலுவலகத்தில் வண்டி வாடகையைக் கூட்டி எழுதிய விற்பனைப் பையன் ஒருவனை மேசை முன்னால் நிற்க வைத்து, பொய்க் கணக்கு மனுஷனை எப்படி அரிக்கும் என்று விளக்கியிருந்தார். அது நினைவுக்கு வந்தது. வந்தும் பயனில்லை. அச்சில் வார்த்ததெல்லாம் கோணலாக வந்தது. வாயில் வந்த வார்த்தை மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஒரு மிட்டாய் விலைகூட ஆகாது."

"அப்போ எனக்கு ஒரு நூறு குடுங்க அத்தான்," என்றான் மைத்துனன். "மிட்டாய் விலையே தரேன்."

"வெளியாளா அவன்? செஞ்சு குடுங்க," என்றாள் மனைவி.

நுணலும் தன் வாயால் கெடும். கணக்கர் பால்கனியில் விரல் சுட்டுக்கொண்டு நூறு புழு வார்த்தார். பாதிக்கு வால் கோணல், மீதிக்கு வயிற்றில் காற்றுக் குமிழி. டப்பாவும் காலி. மைத்துனன் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரமே, "நண்பர்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு அத்தான், இன்னும் நூறு," என்று வந்து நின்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தார். புது டப்பா வாங்கிச் செய்வதைவிடக் கடையில் புழுவாகவே வாங்குவது மலிவு. விடை வந்ததும் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். தலையைக் குனிந்தபடி தூண்டில் கடைக்குப் போனார்.

"நீங்களேதான் செய்யறீங்களே சார்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு நண்பருக்கு," என்றார் கணக்கர், தரையைப் பார்த்து.

கடைக்காரர் ஜாடியிலிருந்து உதிரியாக நூறு எண்ணிக் கொடுத்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் கடைச் சரக்கிலும் கோணல், குமிழி. உலகமே இப்படித்தான் என்று அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தான் செய்தது என்று சொல்லி, மிட்டாய் விலைக்கு மைத்துனனிடம் கொடுத்தார்.

மைத்துனன் மூன்றாவது முறையும் நூறு கேட்டு வந்த மறுநாள், அந்த விற்பனைப் பையன் அலுவலகத்தில் அவர் மேசைக்கு வந்தான்.

"சார், கூட எழுதினதைத் திருப்பிக் கட்டிட்டேன். நீங்க சொன்னதுக்கப்புறம் மனசே சரியில்ல."

கணக்கரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்," என்றார். "மிட்டாய் விலையெல்லாம் இல்ல. எல்லாம் சேர்த்தா கடை விலையைவிட மூணு மடங்கு ஆகுது. போன தடவை உன் தம்பிக்குக் குடுத்தது நான் செஞ்சதே இல்ல."

"நீங்க செஞ்சதுதான்," என்றாள் அவள், சட்டைக் கையை நீவிக்கொண்டே.

"இல்லம்மா, கடையில வாங்கினது."

"என் தம்பிக்குத் தண்ணியப் பார்த்தாலே பயம். அவன் எங்க தூண்டில் போட? மொதல் நூறையும் நான்தான் கடையில விலைக்குப் போட்டேன். அதத்தான் நீங்க போய் வாங்கிட்டு வந்தீங்க. திரும்பவும் கொண்டுபோய்ப் போட்டேன்."

கணக்கர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க அச்சு வாங்கின அன்னிக்கே எவ்ளோ செலவாகும்னு கடைக்காரர் சொல்லிட்டார். நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். மூணு சுத்து ஆயிடுச்சு."

அவர் தன் சுட்ட விரலைத் தடவிக்கொண்டார்.

"இனிமே இந்த வேலையே வேண்டாம். எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடறேன்."

"அதெப்படி? குமிழி இருக்கிற புழு நல்லா மிதக்குதாம். மீனும் அதத்தான் கடிக்குதாம். மாசாமாசம் தரோம்னு கடைக்காரர்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன்."

கணக்கர் நிமிர்ந்தார். "என்ன விலைக்கு?"

மனைவி கடைசிச் சட்டையையும் மடித்து வைத்தாள்.

"கணக்கை நான் பாத்துக்கறேன். நீங்க புழுவைப் பாருங்க."